என் கடன் 2041-ல் முடிய வேண்டும்: வீட்டுக்கடன் கொடுத்த நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

எங்களுக்கு வீட்டுக்கடன் கொடுத்த நிறுவனத்தின் நிர்வாக இயக்குநருக்கும், கடன் பிரிவுத் தலைவருக்கும், வட சென்னைக் கிளை மேலாளருக்கும்:

2023 ஏப்ரல் முதல் வாரம், வருமான வரிக்காக வட்டிச் சான்றிதழ் வாங்க உங்கள் கிளைக்கு வந்தேன். என் கடனுக்கு என்ன நடந்திருக்கிறது என்பதே அந்த ஒரு தாளைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. அந்த நிதியாண்டில் நாங்கள் கட்டியது 2,41,680 ரூபாய். அதில் அசலுக்குப் போனது சுமார் 26,000. மிச்சம் எல்லாம் வட்டி. கவுன்டரில் இருந்த பையனிடம் மாதவாரிக் கணக்கைக் கேட்டு வாங்கினேன். ஜனவரியில் 20,140 ரூபாய் கட்டியதில் அசல் குறைந்தது 261 ரூபாய். மார்ச்சில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. 244 ரூபாய் கூடியிருந்தது.

தவணை ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. பத்தாம் தேதி பிடிப்பீர்கள் என்று எட்டாம் தேதியே கணக்கில் பணத்தைப் போட்டுவைக்கிறவள் நான். அப்படிக் கட்டியும் கடன் ஏறியிருக்கிறது. ஏன் என்று கேட்டதற்குக் கிளையில் கிடைத்த பதில்: "இஎம்ஐ அதேதானே மேடம் போகுது, நீங்க ஏன் டென்ஷன் ஆகறீங்க?"

அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. அதற்குப் பிறகு மூன்று முறை நேரில் வந்தேன். இரண்டு மின்னஞ்சல் அனுப்பினேன். வாடிக்கையாளர் சேவை எண்ணில் எத்தனை முறை பேசியிருப்பேன் என்று கணக்கில்லை. எதற்கும் எழுத்தில் ஒரு பதில் வரவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

ராஜாஜி சாலைக்குப் பக்கத்தில் ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸில் பதினேழு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். வீட்டுக்காரர் வியாசர்பாடியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறார். ராயபுரத்தில் பத்தொன்பது வருடம் வாடகைக்கு இருந்துவிட்டு, 2021-ல் கொடுங்கையூரில் இரண்டாவது மாடியில் 640 சதுர அடி வீடு வாங்கினோம். காற்று திரும்பினால் குப்பைக் கிடங்கின் புகை வீட்டுக்குள் வரும். தெரிந்துதான் வாங்கினோம். எங்கள் கைக்கு எட்டியது அதுதான். பட்டறை வருமானத்துக்குச் சரியான கணக்கு இல்லையென்று இரண்டு வங்கிகள் கையை விரித்தபோது நீங்கள் கடன் கொடுத்தீர்கள். அதை நான் மறக்கவில்லை. எங்களைப் போன்றவர்கள் உங்களைத் தேடி வருவதே வேறு கதவு திறக்காததால்தான் என்பதை நீங்களும் மறக்கக் கூடாது.

25 லட்சம். 7.5 சதவீதம். 240 மாதம். மாதம் 20,140. முதல் தவணை 2021 அக்டோபர், கடைசித் தவணை 2041 செப்டம்பர். அப்போது எனக்கு 61 வயது ஆகியிருக்கும். வேலையிலிருந்து நிற்கிற நேரத்தில் கடனும் நின்றுவிடும் என்று பார்த்துத்தான் சரி என்றோம். குடிவந்த அன்று சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் '2041 செப்' என்று பென்சிலால் எழுதிவைத்தேன். இப்போதும் அது இருக்கிறது.

மாறும் வட்டி என்று நீங்கள் சொன்னது உண்மைதான், இல்லை என்று நான் சொல்லவில்லை. "ஃப்ளோட்டிங் மேடம், ரேட் குறைஞ்சா உங்களுக்குத்தான் லாபம்" என்றார் உங்கள் ஆள். ஏறினால் என்ன ஆகும் என்று மட்டும் யாரும் ஒரு தாளில் போட்டுக் காட்டவில்லை. நாற்பது இடத்துக்கு மேல் கையெழுத்துப் போட்டோம். எல்லாம் ஆங்கிலம். நான் ஆங்கிலம் படிப்பேன், ஆனால் அந்த ஆங்கிலம் என் ஆபீஸ் ஆங்கிலம் இல்லை. வீட்டுக்காரர் படிக்கவே முடியாமல் நான் காட்டிய இடத்தில் போட்டார்.

பிறகு நடந்ததை நாடே பார்த்தது. 2022 மே 4-ஆம் தேதி ரிசர்வ் வங்கி, தான் வங்கிகளுக்குக் கொடுக்கிற கடனின் வட்டியான ரெப்போ விகிதத்தை 4.00 சதவீதத்திலிருந்து 4.40 ஆக்கியது. ஜூனில் 4.90, ஆகஸ்டில் 5.40, செப்டம்பரில் 5.90, டிசம்பரில் 6.25, 2023 பிப்ரவரி 8-ஆம் தேதி 6.50. ஒன்பது மாதத்தில் இரண்டரை சதவீதம். விலைவாசியைப் பிடிக்க ஏற்றினார்கள், அதில் எனக்கு வழக்கில்லை. நீங்களும் ஐந்து தவணையாக அந்த இரண்டரை சதவீதத்தை முழுசாக என் தலையில் ஏற்றி, 2023 மார்ச்சில் 10 சதவீதத்துக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள்.

வட்டி ஏறினால் வழி இரண்டுதான். ஒன்று, மாதம் கட்டும் தொகை கூட வேண்டும். இல்லையென்றால் கட்டும் மாதங்கள் கூட வேண்டும். நீங்கள் என்னைக் கேட்காமலே இரண்டாவதை எடுத்தீர்கள். உங்கள் ஸ்டேட்மென்ட்டை வைத்து நான் போட்ட கணக்கு இது. 2022 ஜூன் தவணை கட்டி முடித்தபோது பாக்கி 231 மாதம். ஜூலையில் வட்டி 8.4 ஆனதும் அது 276 மாதம் ஆகிறது. செப்டம்பரில் 8.9, 316 மாதம். நவம்பரில் 9.4, 390 மாதம். ஜனவரியில் 9.75, 537 மாதம். அதாவது நாற்பத்து நாலே முக்கால் வருடம். அப்போது எனக்கு வயது 42. மார்ச்சில் 10 சதவீதம் ஆனபோது ஒரு மாத வட்டியே 20,384 ரூபாய். நான் கட்டிய தவணை 20,140. இந்தக் கடனை எத்தனை ஜென்மம் கட்டினாலும் அடைக்க முடியாது.

இந்த ஐந்து ஏற்றத்தில் எனக்கு வந்தது இரண்டே குறுஞ்செய்தி. உங்கள் வட்டி விகிதம் மாற்றப்பட்டுள்ளது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. மாதங்கள் எத்தனை நீண்டன என்று அதில் இல்லை.

எங்கள் பக்கத்தில் தண்டல் தெரியாத வீடு கிடையாது. காசிமேட்டில் மீன் விற்கிற அம்மாவிலிருந்து ஆட்டோ ஓட்டுகிறவர் வரை வாங்கியிருப்பார்கள். 10,000 என்று எழுதி 9,000 கையில் கொடுப்பார்கள். ஒரு நாளைக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். அநியாய வட்டி, அதற்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் அட்டை ஒன்று உண்டு. பணம் கொடுக்கிற ஒவ்வொரு நாளும் அதில் ஒரு கட்டம் நிரம்பும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட அட்டையைப் பார்த்து "இன்னும் இருபத்திரண்டு நாள்தான்" என்று சொல்லிவிடும். கணக்கு எழுதிப் பிழைக்கிற என்னால், என் வீட்டுக்கடன் இன்னும் எத்தனை மாதம் என்று சொல்ல முடியவில்லை. ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்று நடக்கிற நிறுவனம் நீங்கள்.

வட்டிச் சான்றிதழ் வாங்கிய அடுத்த வாரமே, ஏப்ரல் பத்தாம் தேதி, கணக்கிலிருந்து 20,140-க்குப் பதில் 22,000 ரூபாய் போனது. அதற்கும் முன்தகவல் இல்லை. ஓடிவந்து கேட்டால், தவணையை 22,000 ஆக்கி, பாக்கியை 315 மாதமாக 'செட்' பண்ணியிருப்பதாகச் சொன்னார்கள். கடைசித் தவணை 2049 ஜூன். அப்போது எனக்கு 69 வயது. 70 வயதுக்கு மேல் போக உங்கள் விதி இடம்தராது, அதனால்தான் அங்கே நின்றது என்றும் சொன்னார்கள். விதி 75 என்று இருந்திருந்தால் 75 வரை இழுத்திருப்பீர்கள் என்றுதானே அர்த்தம்?

அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 2041 செப்டம்பரிலேயே முடிக்க வேண்டும் என்றால், 10 சதவீத வட்டியிலும், மாதம் 24,224 ரூபாய் கட்டினால் போதும். நீங்கள் பிடிக்கிற 22,000-க்கு மேல் 2,224 ரூபாய். வட்டி அப்படியே இருப்பதாக வைத்துக்கொண்டு இரண்டையும் கூட்டிப் பாருங்கள். 24,224 வீதம் 222 மாதம் கட்டினால் 53,77,728 ரூபாய். 22,000 வீதம் 315 மாதம் கட்டினால் 69,30,000 ரூபாய். வித்தியாசம் 15 லட்சத்து 52 ஆயிரம்.

மாதம் 2,224 எங்களுக்குச் சின்னத் தொகை இல்லை. ஆனாலும் புரட்டியிருப்போம். தீபாவளிச் சீட்டை நிறுத்தியிருப்பேன். பட்டறையில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை எடுத்திருப்பார். மறுநாளே வந்து 24,224 பிடித்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். "சிஸ்டத்துல அந்த ஆப்ஷன் இல்ல மேடம், வேணும்னா மொத்தமா கொண்டுவந்து பார்ட் பேமென்ட் கட்டுங்க" என்றார்கள். ஏற்றுவதற்கும் நீட்டுவதற்கும் இருக்கிற வழி, நானாகக் கூடுதலாகக் கட்டுகிறேன் என்றால் மட்டும் எப்படி இல்லாமல் போகும்?

சரி, மொத்தமாகவே கட்டலாம் என்று மாதாமாதம் எடுத்துவைத்தோம். டிசம்பருக்குள் 60,000 சேர்ந்தது. அப்போதுதான் மிக்ஜாம் புயல் வந்தது. பட்டறையில் இடுப்பளவு தண்ணீர். மூன்று மோட்டாரை ரீவைண்டிங் செய்யவும், லேத்தைக் கழற்றி மாட்டவும் அந்த 60,000 போய், மேலே கடனும் ஆனது. மழை உங்கள் தவறில்லை. அந்தப் பணம் மாதாமாதம் தவணையோடு உங்களிடம் வந்திருந்தால் தண்ணீர் அதைத் தொட்டிருக்காது என்பதற்காகச் சொல்கிறேன்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 18-ஆம் தேதி ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டது. வங்கிகளுக்கு மட்டும் இல்லை, உங்களைப் போன்ற வீட்டுக்கடன் நிறுவனங்களுக்கும் அது பொருந்தும். வட்டி மாறும்போது தவணைத் தொகையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கலந்தா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கடன்தாரருக்குக் கொடுக்க வேண்டும். இடையில் எப்போது வேண்டுமானாலும் கொஞ்சமாகவோ முழுசாகவோ அடைக்க விட வேண்டும். தவணை வட்டிக்கே போதாமல் அசல் ஏறுகிற நிலைக்குக் கடனைத் தள்ளக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இதுவரை பிடித்த அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, இன்னும் எத்தனை தவணை என்று எளிதாகப் புரியும் கணக்கு தர வேண்டும். பழைய கடன்தாரர்களுக்கும் 2023 டிசம்பர் 31-க்குள் இவற்றைச் செய்து முடிக்கச் சொன்ன உத்தரவு அது.

எனக்கு நடந்த எல்லாமே அந்த உத்தரவில் கூடாது என்று இருக்கிறது. அதன் பிறகாவது எனக்கு ஒரு தேர்வுப் படிவம் வந்திருக்க வேண்டும். இன்று வரை வரவில்லை. மூன்று மாதக் கணக்கைக் கேட்டால் செயலியில் இருக்கிறது என்கிறீர்கள். உங்கள் செயலியில் ஐந்து திரை தாண்டினால் ஆங்கிலத்தில் ஒரு தாள் கிடைக்கிறது. எங்கள் குடியிருப்பில் எட்டு வீடு. அதில் ஐந்து வீட்டுக்கு நீங்கள்தான் கடன் கொடுத்தீர்கள். அந்த ஐந்து வீட்டில் அந்தத் தாளைத் திறந்து பார்த்தது நான் ஒருத்திதான். மற்ற நாலு பேர் கணக்கையும் மாடிப்படியில் உட்கார்ந்து நான்தான் படித்துச் சொன்னேன். முதல் மாடியில் இருக்கிற அண்ணன் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெறப் போகிறவர். அவருடைய கடன் ஓய்வுக்குப் பிறகும் ஆறு வருடம் ஓடும் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "என் சம்சாரத்துக்கு இப்ப சொல்லாதம்மா" என்றார்.

அடுத்தது வட்டி இறங்கிய கதை. 2025 பிப்ரவரியில் ரெப்போ 6.25, ஏப்ரலில் 6.00, ஜூனில் 5.50, டிசம்பரில் 5.25. மொத்தம் ஒன்றேகால் சதவீதம் இறங்கியது. என் கடனில் நீங்கள் குறைத்தது 0.35. வங்கிகள் 2019 அக்டோபர் முதல் கொடுக்கும் புதிய மாறும் வட்டி வீட்டுக்கடன்களை ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டிவைக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டியைத் திருத்த வேண்டும் என்பது விதி. அது உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் அடிப்படை விகிதத்தை நீங்களே வைத்துக்கொள்கிறீர்கள். சட்டம் உங்களுக்குக் கொடுத்த இடம் அது, சரி. ஆனால் ஏறும்போது ரிசர்வ் வங்கி ஏற்றியது என்று காரணம் காட்டிய நீங்கள், இறங்கும்போது எங்கள் நிதிச் செலவு வேறு என்கிறீர்கள். ஏறுவதற்கு ஒரு தராசு, இறங்குவதற்கு ஒரு தராசு வைத்து எங்கள் மார்க்கெட்டில் ஒரு கிலோ மத்தி மீன் விற்க முடியாது.

மூலக்கடை சந்திப்பில் உங்கள் விளம்பரப் பலகை நிற்கிறது. புது வாடிக்கையாளருக்கு 8.10 சதவீதம் முதல் என்று போட்டிருக்கிறீர்கள். தினமும் அதைக் கடந்துதான் வேலைக்குப் போகிறேன். நாலு வருடம் ஒரு நாளும் தவறாமல் கட்டிய எனக்கு 9.65. எனக்கும் அந்த வட்டியைத் தாருங்கள் என்றால், பாக்கித் தொகையில் அரை சதவீதமும் ஜிஎஸ்டியும் மாற்றுக் கட்டணம் என்கிறீர்கள். கிட்டத்தட்ட 14,000 ரூபாய். வேறு வங்கிக்குக் கடனை மாற்றிக்கொண்டு போக எனக்கு உரிமை உண்டு, மாறும் வட்டிக் கடனை முன்னதாக அடைக்க அபராதம் இல்லை என்பதும் தெரியும். ஆனால் போகிற இடத்தில் வழக்கறிஞர் கட்டணம், மதிப்பீட்டுக் கட்டணம், பத்திர ஒப்படைப்புப் பதிவு எல்லாம் மறுபடி ஆகும். பட்டறை வருமானத்துக்கு மறுபடி கணக்கு கேட்பார்கள். எங்களால் சுலபமாக எழுந்து போக முடியாது என்று தெரிந்துதான் இந்தக் கட்டணத்தைக் கேட்கிறீர்கள் என்றே நினைக்கிறேன்.

2025 டிசம்பர் வரை நாங்கள் கட்டியது 10 லட்சத்து 88 ஆயிரத்துக்கு மேல். அசல் 1 லட்சத்து 20 ஆயிரம்கூடக் குறையவில்லை.

கீழ்வீட்டு அக்கா 2025 ஜனவரியில் உங்களிடம் கடன் வாங்கினார். 2024 அக்டோபர் முதல் தனிநபருக்குக் கொடுக்கிற ஒவ்வொரு புதிய சில்லறைக் கடனுக்கும், வட்டி, கட்டணம் எல்லாம் சொல்கிற முக்கிய விவர அறிக்கை தர வேண்டும், அது கடன் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும், விளக்கிச் சொல்லவும் வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. அக்காவுக்குக் கொடுத்தது மூன்று பக்கம் ஆங்கிலம். கடைசிப் பக்கத்தில் 'எனக்குத் தமிழில் விளக்கப்பட்டது' என்று ஒரு ரப்பர் முத்திரை, அதன் கீழே அக்காவின் கையெழுத்து. என்ன விளக்கினார்கள் என்று கேட்டேன். "இங்க போடுங்க, அங்க போடுங்கன்னு சொன்னாங்க" என்றார். அவர் கடனும் மாறும் வட்டிதான். அது அவருக்குத் தெரியாது.

நான் கேட்பவை இவை.

என் கடனை 2041 செப்டம்பருக்குத் திருப்புங்கள். இன்றைய பாக்கிக்கும் இன்றைய வட்டிக்கும் அந்த மாதத்தில் முடிய எவ்வளவு கட்ட வேண்டுமோ அந்தத் தவணையைக் கணக்கிட்டு எழுத்தில் தாருங்கள். கட்ட முடியுமா என்பதை நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம். அதற்கு எந்தக் கட்டணமும் கேட்காதீர்கள். 2023 மார்ச்சில் அசலில் ஏற்றிய 244 ரூபாயையும், அதன் மேல் இதுவரை போட்ட வட்டியையும் நீக்குங்கள். தொகை சின்னதுதான், ஆனால் அது நிற்கக் கூடாது.

2022 மே மாதத்துக்குப் பிறகு யாருடைய கடன் காலத்தையெல்லாம் நீட்டினீர்களோ, அவர்கள் ஒவ்வொருவருக்கும் தமிழில் ஒரு கடிதம் அனுப்புங்கள். செயலியில் போட்டால் போதாது, தபாலில் வர வேண்டும். முதலில் ஒப்புக்கொண்ட கடைசித் தவணை எந்த மாதம், இப்போது எந்த மாதம், அதனால் கூடுதலாகக் கட்டப்போகிற வட்டி எவ்வளவு என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். கூடவே தேர்வுப் படிவம். பதில் வராவிட்டால் நீட்டிவிடலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓர் ஆளை அனுப்பிக் கேளுங்கள். ஒரு தவணை தவறினால் மட்டும் வீட்டு வாசலுக்கு ஆள் அனுப்ப உங்களால் முடிகிறதே.

மாதாமாதம் கூடுதலாகக் கட்ட விரும்புகிறவர்களுக்கு அந்த வழியை உங்கள் சிஸ்டத்தில் திறந்துவிடுங்கள்.

உங்கள் அடிப்படை விகிதம் 2022 மே முதல் எந்தத் தேதியில் எவ்வளவு மாறியது, ஏன் மாறியது என்பதைக் கிளையில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டுங்கள். ஒழுங்காகக் கட்டுகிற பழைய வாடிக்கையாளருக்கு, புது வாடிக்கையாளருக்குத் தருகிற வட்டியை மாற்றுக் கட்டணம் இல்லாமல் தாருங்கள்.

புதிதாகக் கடன் வாங்க வருகிறவருக்குக் கையெழுத்துக்கு முன்னால் ஒரே ஒரு தமிழ்த் தாள் கொடுங்கள். வட்டி இரண்டு சதவீதம் ஏறினால் தவணை எவ்வளவு ஆகும், தவணையை ஏற்றாவிட்டால் எத்தனை வருடம் நீளும் என்று அவருடைய கடன் தொகையை வைத்தே அதில் போட்டுக் காட்டுங்கள். கீழ்வீட்டு அக்காவுக்கு அதை இப்போதாவது கொடுங்கள்.

கொடுங்கையூரிலோ மூலக்கடையிலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை முகாம் வையுங்கள். முடிவெடுக்க அதிகாரம் உள்ள ஒருவர் வர வேண்டும். எங்கள் ஐந்து வீடும் காகிதத்தோடு வந்து உட்காருவோம்.

இந்த மடலைக் கிளையில் கொடுத்து, ஒப்புகை முத்திரை வாங்கிய நாளிலிருந்து 30 நாள் காத்திருப்பேன். எழுத்தில் பதில் வராவிட்டால், ஐந்து வீட்டின் ஸ்டேட்மென்ட்களையும் சேர்த்து, உங்களைப் போன்ற வீட்டுக்கடன் நிறுவனங்களைக் கண்காணிக்கிற நேஷனல் ஹவுசிங் பேங்கில் புகார் கொடுப்போம். அதற்கான காகிதங்கள் தயாராக இருக்கின்றன.

இப்படிக்கு,
கொடுங்கையூரிலிருந்து உங்கள் கடன்தாரர்களில் ஒருத்தி